குரங்கின் மெல்லுந் தசைகள்: இழைவகையும் பெயரீடும்

பெயர் என்பது பொருளைச் சுட்டுவதோடு நின்றுவிடுவதன்று; அப்பெயரை இட்டவர் பொருளைப்பற்றிக் கொண்டிருந்த கருத்தையும் உடன்சுமந்து வருவது. கருத்துச் செம்மையாயின் பெயர் அறிவிற்குத் துணையாகும். கருத்துப் பிழையாயின், பிழை திருத்தப்பட்ட பின்னரும் பெயர் அதனைப் பரப்பிக்கொண்டேயிருக்கும். சொல்லாராய்ச்சி செய்வார் இதனை நன்கறிவர். எனினும், அறிவியற் சொற்களைத் தமிழாக்குங்கால் பலரும் இதனை மறந்துவிடுகின்றனர். அயன்மொழிப் பெயரின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து இணைத்துவிட்டால் கலைச்சொல் பிறந்துவிடும் என்று கருதுகின்றனர். அவ்வாறு கருதுதல் எத்துணை இடர் விளைக்கும் என்பதற்குக் குரங்கின் மெல்லுந் தசைகளைப்பற்றிய ஆராய்ச்சி வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். அத்தசைகளின் இழைவகைகளை முதற்கண் விளக்கி, பின்னர் அவற்றின் பெயர்களை நன்னூலார் கூறும் பெயர்நெறி கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தசையும் இழையும்

மேலை நாட்டார் தசைக்கு வழங்கும் பெயர் 'மஸ்குலஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழியது. அதன் நேர்பொருள் 'சிறிய எலி' என்பதாம். தோலின்கீழ்த் தசை புடைத்து அசைதல் எலி ஓடுதல்போலத் தோன்றியமையின் அப்பெயர் பெற்றது என்பர். ஆயின், ஒரு தசை ஒரே பிழம்பாக அமைந்ததன்று. அது நுண்ணிய இழைகள் பல்லாயிரம் ஒருங்கு கட்டப்பட்ட கற்றை. ஓர் இழையின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்குமுதல் பத்திலொரு பங்குவரை அமையும். இதனைத் 'தசைநார்' என்று எழுதுவாருளர். அச்சொல் எலும்போடு எலும்பைப் பிணிக்கும் நாருக்கும் தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கும் வழங்கக் காண்டலின், மயக்கம் நீங்குதற்பொருட்டு ஈண்டுத் 'தசையிழை' என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

'மெல்தசை' எனச் சுருங்கச் சொல்லாது 'மெல்லுந் தசை' என்று பெயரெச்சத் தொடராக வழங்குதற்கும் ஒரு காரணம் உண்டு. 'மெல்' என்பது வினைப்பகுதியாகவும் மென்மை என்னும் பண்பின் அடியாகவும் நிற்கும். வினைத்தொகையாகக் கருதி ஆக்கிய சொல்லைப் பண்புத்தொகையாகக் கொண்டு 'மென்மையான தசை' எனப் பொருள்கொள்ளின், உடம்பின் மிக வலிய தசைகளுள் ஒன்று மெல்லிய தசை ஆகிவிடும்.

மெல்லுந் தசைகள் பக்கத்திற்கு நான்கு. கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் புறப்பக்கத்தில் இறங்குவது ஒன்று. இதனைக் கன்னத்தசை எனலாம். மண்டையின் பக்கத்தே விசிறிபோல் விரிந்து, கன்ன எலும்பின் உட்புறமாக இறங்கித் தாடையின் முனைப்பிற் சேர்வது மற்றொன்று. இதனைப் பொட்டுத்தசை எனலாம். பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டில் விரல் வைப்பின் இது புடைத்தெழுதலை எவரும் உணரலாம். தாடையின் உட்புறத்தே சிறகுவடிவான எலும்பினின்று தோன்றும் உட்சிறகுத்தசை, புறச்சிறகுத்தசை என்பன ஏனை இரண்டு. இந்நான்கனுள் முதல் மூன்றும் தாடையை மூடுவன. புறச்சிறகுத்தசை தாடையை முன்னே இழுக்கவும் திறக்கவும் துணைசெய்வது.

கருவளர்ச்சியில் இவை நான்கும் முதற் செவுள்வளைவு என்னும் ஒரே பகுதியிலிருந்து தோன்றுகின்றன. ஆதலின், மூளையிலிருந்து புறப்படும் ஐந்தாம் நரம்பே இவை அனைத்தையும் இயக்குகின்றது. கன்னச் சுவரில் அமைந்த மற்றொரு தசை உண்டு. உணவைப் பற்களுக்கிடையே ஒதுக்குவதும், சில குரங்குகளின் கன்னப்பையைச் சூழ்ந்து நிற்பதும் அதுவே. அது வேறொரு செவுள்வளைவில் தோன்றி ஏழாம் நரம்பால் இயக்கப்படுவது. எனவே, கவுளில் உணவை அடக்குதலும் அதனை மெல்லுதலும் உடற்கூற்றளவில் இருவேறு செயல்களாம். இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

2. இழைகளின் வகை

தசைகளுட் சில சிவந்தும் சில வெளுத்தும் இருத்தல் கண்ணாற் காணத்தக்கது. இந்நிற வேறுபாட்டைச் செயல்வேறுபாட்டோடு பொருத்திக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ரான்வியே. முயலின் செந்தசை மெல்லச் சுருங்குவதையும் வெண்டசை விரைந்து சுருங்குவதையும் அவர் 1873-இல் வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம் 'சிவப்பு' என்பது மெதுவுக்கும் 'வெள்ளை' என்பது விரைவுக்கும் மறுபெயர்களாக வழங்கின. ஆயின், சிவப்பு நிறம் உயிர்வளியைத் தேக்கிவைக்கும் மயோகுளோபின் என்னும் பொருளால் வருவது. சுருங்கும் விரைவோ மயோசின் என்னும் புரதத்தின் இயல்பைப் பொறுத்தது. இரண்டிற்கும் தொடர்பு உண்டாயினும், ஒன்று மற்றொன்றாகாது. சிவந்திருந்தும் விரைந்து சுருங்கும் இழைகள் உள என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

மயோசினின் செயல் சிறிது விளக்கத்தக்கது. இழையினுள் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரதக் கம்பிகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மயோசின் மூலக்கூற்றின் தலை ஆக்டினைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றும். இவ்வாறு கோடிக்கணக்கான தலைகள் இழுத்தலின் இழை சுருங்குகின்றது. ஒவ்வோர் இழுப்பிற்கும் ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் சிதைக்கப்படுகின்றது. அச்சிதைவு விரைவாக நிகழும் மயோசின் பொதுவாக விரைந்து சுருக்கும். மெல்ல நிகழ்வது மெல்லச் சுருக்கும். மயோசினின் பெருஞ்சங்கிலி பலவகைப்படும். அவ்வகைக்கு ஏற்ப இழையின் வகையும் அமையும்.

இச்சிதைவினைச் சாயமேற்றிக் காட்டும் முறை ஒன்று உண்டு. தசையின் மெல்லிய வெட்டுத்துண்டைக் காரக் கரைசலில் நனைத்துச் சாயமேற்றின் விரைவிழைகள் கருக்கும். அமிலக் கரைசலில் நனைத்துச் சாயமேற்றின் மெதுவிழைகள் கருக்கும். அமிலத்தின் செறிவைச் சிறிது சிறிதாக மாற்றி, விரைவிழைகளுள்ளும் வகை பிரித்தவர் புரூக், கெய்சர் என்னும் இருவர். அவர்கள் 1970-இல் அமைத்த 1, 2ஏ, 2பி என்னும் பாகுபாடு இன்றளவும் அடிப்படையாக நிற்கின்றது. 1 என்பது மெதுவிழை. நெடுநேரம் களையாது உழைப்பது. 2ஏ என்பது விரைவும் களையாமையும் ஒருங்குடையது. 2பி என்பது மிக விரைந்து சுருங்கி, விரைவிற் களைப்பது. பின்னர் 2எக்ஸ் என்பதும் சேர்க்கப்பட்டது.

இவ்விழைகள் எல்லாம் ஒருங்கே உழைப்பனவல்ல. சிறிய நரம்பணுக்கள் முதலிலும் பெரியவை பின்னரும் தூண்டப்படும் என்னும் முறைமையை எல்வுட் ஹென்னிமன் 1957-இல் எடுத்துக்காட்டினார். மெதுவிழைகளை இயக்குவன சிறிய நரம்பணுக்கள். ஆகவே, மென்பழத்தை மெல்லுங்கால் மெதுவிழைகளே பெரிதும் உழைக்கும். வன்கொட்டையை உடைக்குங்கால் அவற்றோடு விரைவிழைகளும் வந்து சேரும். ஒரு தசையில் எவ்வகை இழை எங்கே எவ்வளவு உள்ளது என்று அறிதல், அத்தசை எத்தொழிலுக்கு அமைந்தது என்று அறிதற்கு வழியாவது இதனாலேயாம்.

ஆவின் கன்னத்தசையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது பெரும்பாலும் முற்றிலும் மெதுவிழைகளாலேயே ஆனது. மேய்ந்த புல்லை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து நாள்தோறும் பல மணிநேரம் அசையிடும் விலங்கிற்குக் களையாமையே வேண்டப்படுவது. ஒரு கடியில் மிகுவலி வேண்டப்படுவதன்று.

3. தனிவகை இழை

பூனையின் தாடைமூடு தசையிழைகளை ஆராய்ந்த ரோலர்சன் முதலியோர், அவற்றுள் பெரும்பாலான இழைகள் மேற்கூறிய எவ்வகையிலும் அடங்காதிருத்தலைக் கண்டனர். அவற்றின் மயோசின் கைகால் தசைகளில் யாண்டும் காணப்படாத புதுமயோசின் என்பதை 1981-இல் வெளியிட்டனர். அவ்விழை 2எம் எனப்பட்டது. பூனையின் தாடையைத் திறக்கும் தசையில் அது இல்லை. மூடும் தசைகளிலேயே உள்ளது. 1983-இல் அவர்கள் ஊனுண்ணும் விலங்குகளையும் குரங்கு முதலிய உயர்பாலூட்டிகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபொழுது, குரங்கின் தாடைமூடு தசைகளிலும் இவ்விழையே காணப்பட்டது. மக்கள் தசையில் மட்டும் காணப்படவில்லை.

புலாலைக் கடித்துக் கிழிக்கும் பூனைக்கும், கனியும் விதையும் இலையும் உண்ணும் குரங்கிற்கும் ஒரே வகை இழை இருத்தல் வியப்பிற்குரியது. அவை ஒன்றினின்று ஒன்று கடன்பெற்றனவல்ல. தொன்முன்னோர் வழியாக இரண்டிற்கும் வந்த உடைமையே அது என்று கொள்வதே பொருத்தமாகும். எலி, ஆ முதலியவற்றின் வழியில் அது வழக்கொழிந்து, அவற்றின் உணவிற்கேற்ற வேறு மயோசின்கள் அவ்விடத்தைப் பெற்றன. மொழிக்குடும்பத்தில் ஒரு தொல்சொல் சில கிளைகளில் நின்று, சில கிளைகளில் மறைதலோடு இதனை ஒப்பிடலாம். ஆங்கும், ஒரு சொல் இரு கிளைகளில் உண்மைகொண்டு அவ்விரு கிளைகளும் நெருங்கியவை எனத் துணிதல் கூடாது. பொதுமுன்னோரிடம் இருந்து இரண்டினும் எஞ்சியதாதல் கூடும்.

இனி, இக்கட்டுரைக்கு இன்றியமையாத பெயர்ச்செய்தி வருகின்றது. பூனையின் தாடைமூடு தசை மிக விரைந்து சுருங்குவதாகக் கருதப்பட்டமையானும், இப்புதுமயோசின் ஏ.டி.பி.யை விரைந்து சிதைத்தமையானும், அறிஞர் சிலர் இதற்கு 'மீவிரைவு மயோசின்' என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயரிட்டனர். அப்பெயர் நூல்களிலும் ஆய்வுரைகளிலும் நெடுங்காலம் வழங்கிற்று. படித்தவர், இவ்விழை ஏனை விரைவிழைகளினும் விரைந்து சுருங்குவதென்றே கொண்டனர்.

2008-இல் தோனியோலோ முதலியோர் பூனை, நாய் ஆகியவற்றின் தாடைத்தசையினின்று தனித்தனி இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் இழுவலியையும் சுருங்கும் விரைவையும் நேரே அளந்தனர். பின்னர் அதே இழையின் மயோசின் எவ்வகையது என்று சோதித்தனர். அவர்கள் கண்ட முடிபு எதிர்பாராதது. இவ்விழையின் சுருங்கும் விரைவு நடுத்தரமானதே; 2ஏ இழையின் விரைவை ஒத்தது. ஆனால், குறுக்குப்பரப்பிற்கு ஏற்ப அளந்த இழுவலியோ ஏனை இழைகளினும் மிகுதி. எனவே, இதன் சிறப்பு விரைவன்று, வலிமையே. ஏ.டி.பி.யை விரைந்து சிதைப்பது எதுவாயினும் அது விரைந்து சுருங்கும் என்னும் பொதுவிதியை இவ்விழைக்கும் ஏற்றியமையே பெயர் பிழைபட்டதற்குக் காரணம்.

4. இழைகள் அமைந்த இடம்

குரங்கின் தசையில் இவ்விழை எங்கே அமைந்துள்ளது என்பது அடுத்த வினா. ஆப்பிரிக்காவில் வாழும் பபூன் குரங்கின் பொட்டுத்தசையை டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் வால் முதலியோர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிபுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. அத்தசையின் மயோசினில் ஏறத்தாழ நூற்றுக்கு நூறும் 1, 2எம் என்னும் இருவகையே. 2ஏ சில விலங்குகளில் மட்டும், அதுவும் மிகச் சிறிய அளவிற் காணப்பட்டது. தசையின் மேற்புறப் பகுதிகளில், முன்னும் பின்னும், 2எம் மிகுந்திருந்தது. உட்புறத்து முன்பகுதியில் மெதுவகை மயோசின் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. அவ்வுட்பகுதியில் மெதுவகை பெண் குரங்கில் ஆணினும் மிகுதியாக இருந்தது.

தசை உழைக்குங்கால் எழும் மின்னலைகளைக் குரங்கு உண்ணும்பொழுதே அளக்கும் முறை உண்டு. பபூனிடம் அவ்வாறு அளந்தபொழுது, மென்பொருளை மெல்லுங்கால் மேற்புறப் பகுதியின் உழைப்புத் தாழ்ந்தும், வன்பொருளை மெல்லுங்கால் மிக உயர்ந்தும் காணப்பட்டது. இழைவகையும் உழைப்பும் இவ்வாறு பொருந்துகின்றன. உட்புறத்து மெதுவிழை மிக்க பகுதி எவ்வகை உணவிற்கும் இடையறாது உழைக்கும். மேற்புறத்து 2எம் இழைகள் வன்மையை வெல்லவேண்டிய காலத்துப் பேருழைப்பு உழைக்கும். ஒரே பெயருடைய ஒரு தசைக்குள் இரு தொழிலுக்கான இரு பகுதிகள் அமைந்துள என்பதே இதன் கருத்து.

இழைவகை ஒன்றே தசையின் ஆற்றலை முடிவுசெய்வதன்று என்பதையும் ஈண்டே கூறுதல் வேண்டும். இழையின் குறுக்குப்பரப்பு வலியையும், நீளம் விரிவையும் தருவன. பிரேசில் நாட்டு மார்மொசெட்டு என்னும் சிறு குரங்கு மரப்பட்டையை முன்பற்களாற் குடைந்து பிசின் உண்பது. அதற்கு வாயை மிக அகலத் திறத்தல் வேண்டும். அதன் கன்னத்தசையைப் பட்டை குடையாத தாமரின் குரங்கின் தசையோடு டெய்லர், வின்யார்டு ஆகியோர் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டனர். மார்மொசெட்டின் இழைகள் ஒப்புநோக்க நீண்டும், தசையின் பயன்படு குறுக்குப்பரப்புக் குறைந்தும் இருந்தன. மரத்தைக் குடையும் குரங்கிற்கு வலிமிக்க தசை இருத்தல் வேண்டும் என்று எவரும் எண்ணுவர். ஆனால், அதன் தசை வலியினும் விரிவிற்கே அமைந்தது. ஆகவே, உண்ணும் முறையைக் கண்டு தசையை ஊகித்தலும், தசையின் ஒரு கூற்றைக் கண்டு உண்ணும் முறையை ஊகித்தலும் ஒருங்கே எச்சரிக்கைக்குரியன.

5. மக்கள் இழந்த மயோசின்

2எம் இழையின் மயோசினை ஆக்கும் மரபணு எம்.ஒய்.எச்.16 எனப்படும். மக்களிடத்து இம்மரபணு ஏழாம் குரோமசோமில் இன்றும் உள்ளது; ஆனால் பயன்படுவதில்லை. அதன் எழுத்துத் தொடரில் இரண்டு எழுத்துக்கள் கெட்டன. மரபணுவின் எழுத்துக்கள் மும்மூன்றாகப் படிக்கப்படுவன. இரண்டு கெட்டமையால் அதன்பின் வரும் எழுத்துக்களெல்லாம் கூட்டம் மாறிப் பொருளிழந்தன. சிறிது தொலைவிலேயே முடிவுக்குறி தோன்றிப் புரதம் முற்றுப்பெறாது நின்றது. ஏட்டுச்சுவடியில் இரண்டெழுத்து விடுபட, சீர்பிரிப்பு முழுதும் நிலைகுலைதல் போன்றது இது. ஹான்செல் ஸ்டெட்மன் முதலிய பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் இதனை 2004-இல் வெளியிட்டனர். குரங்கின் பொட்டுத்தசையில் விரைவிழைகள் பருத்திருக்க, மக்கள் தாடைத்தசையில் அவை சிறுத்திருத்தலையும் அவர்கள் எடுத்துக்காட்டினர்.

இவ்விழப்பு ஏறத்தாழ 24 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது என்றும், வலிய தாடைத்தசை குறைந்தமையால் மண்டையோடு தடையின்றி விரிய, மூளை பெருத்தல் எளிதாயிற்றாகலாம் என்றும் அவர்கள் கருதினர். ஆனால், 2005-இல் பெரி முதலியோர் அம்மரபணுவின் நீண்ட பகுதியை ஒப்பிட்டு ஆராய்ந்து, அவ்விழப்பு ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணித்தனர். அங்ஙனமாயின், இழப்பிற்கும் மூளை பெருத்தற்கும் இடையே மிக நீண்ட காலம் கழிந்தது என்பது பெறப்படும். முன்னையதே பின்னையதற்குக் காரணம் என்னும் கொள்கை வலியிழக்கும். இரண்டெழுத்துக் கெட்டமையால் மனிதன் அறிவுடையவன் ஆனான் என்பது இனிய கதையேயாயினும், கதை இனிதாதல் உண்மைக்குச் சான்றாகாது.

6. இலக்கியம் கற்பார்க்கு உரியது

இவ்வாராய்ச்சி தமிழ் கற்பார்க்கு யாது பயன் தரும் எனின், கூறுதும். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரித்தோதி, மந்தி என்னும் பெண்பாற்பெயரை அம்மூன்றற்கும் உரியதாக்குகின்றது. எனவே, செய்யுளில் 'மந்தி' என வருமிடத்து எவ்விலங்கு கருதப்பட்டது என்பது சொல்லால் மட்டும் துணியப்படாது. அதன் செயல்கொண்டே துணியப்படும்.

நற்றிணை 22-ஆம் பாட்டில், முற்பட விளைந்த தினைக்கதிரைக் கவர்ந்த மந்தி கடுவனோடு மலையேறி, கதிரை அங்கையிற் கசக்கித் தன் வளைந்த கவுள் நிறைய அடக்கிக்கொள்கின்றது. கவுளில் உணவை இவ்வாறு தேக்குதற்குக் கன்னப்பை வேண்டும். அப்பை நம் நாட்டு வெள்ளைமந்தி முதலிய மக்காக் குரங்கினங்களுக்கு உண்டு. இலையுண்ணும் நீள்வாற் குரங்கினங்களுக்கு இல்லை. ஆதலின், அப்பாட்டிற் கூறப்பட்டது மக்காக் குரங்கினம் என்பது ஒருதலை. ஆராய்ச்சிக்கு உள்ளான பபூனும் கன்னப்பையுடைய இவ்வினத்திற்கு நெருங்கிய உறவேயாம்.

மேலும், அப்பாட்டில் கையாற் கசக்குதலும் கவுளில் நிறைத்தலுமே விளக்கமுறுகின்றன. பல்லால் மெல்லுதல் கூறப்படவில்லை. முன்னர்க் காட்டியவாறு, அடக்குதல் ஏழாம் நரம்பின் தசைக்குரியது. மெல்லுதல் ஐந்தாம் நரம்பின் தசைக்குரியது. கவர்ந்த இடத்தே நின்று மென்றுகொண்டிராது, விரைந்து அடக்கிக்கொண்டு அச்சமற்ற இடம் சென்று பின்னர் மெல்லுதலே கன்னப்பையுடைய குரங்கின் இயல்பு. அவ்வியல்பு வழுவாது பாடப்பட்டுள்ளது. 'மென்று தின்றது' என்று பொதுப்பட உரைப்பின், புலவர் கண்ட காட்சியின் ஒரு கூறு மறைந்துவிடும்.

தமிழில் கொறித்தல், கறித்தல், கடித்தல், மெல்லுதல், அதுக்குதல், அசையிடுதல் எனப் பல வினைகள் உள. இவை ஒருபொருட் பன்மொழியல்ல. முன்பல்லால் உமி நீக்கி உண்பது கொறித்தல். கடைவாய்ப்பல்லால் அரைப்பது மெல்லுதல். வாயில் ஒதுக்கி அடக்குவது அதுக்குதல். விழுங்கியதை மீட்டு மெல்லுவது அசையிடுதல். பண்டைத் தமிழர் தசையிழையின் வகைகளை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று; அங்ஙனம் கூறுதல் ஆராய்ச்சியாகாது. புறத்தே காணத்தக்க செயல்வேறுபாட்டை அவர்கள் கூர்ந்து கண்டு வேறுவேறு சொல்லாற் குறித்தனர் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. அச்சொற்கள் இன்றைய அறிவியலை எழுதுதற்கும் ஆயத்தமாக உள்ளன.

7. பெயரீடு

இனி, இழைகளின் பெயர்களை நன்னூல் நெறியில் வைத்து நோக்குவோம். பெயர் இடுகுறியாகவேனும் காரணத்தானேனும் அமையும். காரணப்பெயர் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் ஆறனுள் ஒன்றைப் பற்றி வரும்.

செவ்விழை, வெள்ளிழை என்பன குணம்பற்றி வந்தவை. நிறம் கண்கூடாதலின் குணம் உண்மையே. ஆனால் அக்குணம் சுருங்கும் விரைவோடு என்றும் உடனிகழாமையின், அப்பெயர்கள் வகைப்பெயராகும் தகுதியை இழந்தன. மெதுவிழை, விரைவிழை என்பன தொழில்பற்றி வந்தவை. அளந்து கண்ட தொழிலாதலின் நிலைபெற்றன. 'மீவிரைவு' என்பதும் தொழில்பற்றியதே. ஆனால் அத்தொழில் அளந்து காணப்படுமுன் ஊகித்துக் கொள்ளப்பட்டது. காரணம் பொய்த்தவிடத்துக் காரணப்பெயர் இடுகுறியினும் தீங்கு செய்யும். இடுகுறி ஒன்றும் உணர்த்தாது நிற்கும். பொய்த்த காரணமோ பிழையை உணர்த்தி நிற்கும். 1, 2ஏ, 2பி என்னும் எண்குறிகள் ஐம்பது ஆண்டிற்கு மேலாக நிலைத்து நிற்றற்குக் காரணம் அவை யாதொரு காரணத்தையும் சுமவாமையே.

2எம் இழைக்கு 'மீவிரைவிழை' எனத் தமிழாக்குதல் விலக்கத்தக்கது. அதன் சிறப்பாகிய வலிமைபற்றி 'மீவலியிழை' எனலாமோ எனின், அதுவும் பொருந்தாது. அவ்வலிமை அளக்கப்பட்டது பூனை, நாய் ஆகியவற்றின் இழைகளிலாதலின், எல்லா உயிர்க்கும் உரிய பெயராக அதனை இப்பொழுதே நிறுத்துதல் முன்னையோர் செய்த பிழையையே மீளச் செய்வதாகும். இடம்பற்றிப் பெயரிடுதலே தக்கது. தாடையை மூடும் தசைகளில் அமைந்தமை மறுக்கவொண்ணாதது. ஆகவே, அதனைத் 'தாடைமூடிழை' என்றும், அதன் மயோசினைத் 'தாடைமூடு மயோசின்' என்றும் வழங்கலாம். ஆங்கிலத்தில் இன்று பெருவழக்காகவுள்ள பெயர் 'மெல்லுதற்குரிய மயோசின்' என்னும் பொருளது. நாள்முழுதும் அசையிடும் ஆவிற்கு அம்மயோசின் இல்லாமையின், மெல்லுதல் என்னும் தொழிலால் வழங்குதலினும் தாடைமூடு தசை என்னும் இடத்தால் வழங்குதலே மயக்கம் குறைந்தது.

கலைச்சொல் ஆக்குவார் அயற்சொல்லை நோக்கிச் சொல்லாக்காது, அச்சொல் சுட்டும் பொருளை நோக்கிச் சொல்லாக்குதல் வேண்டும். பொருளை நோக்குதற்கு அத்துறையின் அண்மை முடிபுகளை அறிந்திருத்தலும், பெயரிட்டார் எதனைக் கண்டு இட்டனர், எதனைக் காணாது இட்டனர் என்று ஆராய்தலும் வேண்டும். சொல்லின் வரலாற்றை ஆராயும் பயிற்சி தமிழாசிரியர்க்கு உரியது. பொருளை அளந்து காட்டுதல் அறிவியலார்க்கு உரியது. இருவரும் ஒருங்கிருந்து செய்யாத கலைச்சொல், பிறமொழியினர் திருத்திக்கொண்ட பிழையை நம் மாணவர்க்கு நிலைத்த பாடமாக்கிவிடும்.